அரிமர்த்தன பாண்டியனும் குதிரைப் பணமும்



ஆனி மகத்தில் மாணிக்கவாசக சுவாமிகளின் குருபூசையைக் கொண்டாடுகிறோம். மார்கழிக் குளிரில் விடியுமுன் எழுந்து, கிங்ஸ்பரியிலிருந்து பஸ் பிடித்துத் திருவெம்பாவைப் பூசைக்குப் போகிறவர்களும் நம்மிடையே உண்டு. ஆயினும், சுவாமிகள் அமைச்சராயிருந்து அரசனின் நம்பிக்கையை இழந்த பகுதியை நாம் விரைவாகக் கடந்து விடுகிறோம். அடியேன் தொழிலாற் கணக்காளன். ஆகையால் அவ்விடத்தில் நின்று விடுவேன்.

அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சங்கத்தின் பொதுக்கூட்டத்திலே வரவு செலவு விபரம் கேட்டேன். ஒரு பெரியவர் எழுந்து, "தம்பி, மாணிக்கவாசகரும் அரசாங்கப் பணத்தைக் கோயிலுக்குத்தானே செலவழித்தவர்" என்றார். சபை சிரித்தது. எனக்கு வாயடைத்துப் போயிற்று.

திருவாதவூரிற் பிறந்த அவரை அரிமர்த்தன பாண்டியன் முதலமைச்சராக்கித் 'தென்னவன் பிரமராயன்' என்னும் பட்டமும் கொடுத்தான். கீழைக் கடற்றுறையில் நல்ல குதிரைகள் வந்திறங்கின என்று அறிந்து, பொருளை ஒப்புவித்து அவரையே அனுப்பினான். வழியில் திருப்பெருந்துறையிலே, இன்று புதுக்கோட்டை மாவட்டத்து ஆவுடையார்கோயில் எனப்படும் ஊரிலே, குருந்த மரத்தடியில் இறைவன் குருவாய் ஆட்கொண்டார். குதிரைக்கென்று கொண்டுபோன பொருள் திருப்பணிக்கும் அடியார்க்கும் செலவாயிற்று.

அரசன் ஓலை விடுத்தான். ஆவணி மூலத்திற் குதிரைகள் வரும் என்று இறைவன் சொல்லுவித்த மறுமொழி கிடைத்தது. அவன் அதை நம்பினான். அதன் பின் அரண்மனையில் அந்நாட்கள் எப்படிக் கழிந்திருக்கும்? இலாயம் வெறுமையாயிருக்கிறது. நேற்றுவரை எதற்கும் அவரிடம் யோசனை கேட்ட அரசன் இன்று கேட்கவில்லை. கோபம் பிறகுதான் வருகிறது. முதலில் வருவது அந்த மௌனம். நாட்டை விட்டு ஓடி வந்து, சீட்டுப் பிடித்தும் கைமாற்று வாங்கியும் வாழ்ந்த நமக்கு அது தெரியாததல்ல.

குதிரைகள் வந்தன. சிவபெருமானே குதிரைச் சேவகராக வந்து ஒப்புவித்தார். அன்றிரவே அவை நரிகளாகிப் பழைய குதிரைகளையும் கடித்துவிட்டு ஓடின. வாதவூரரை வைகைச் சுடுமணலில் நிறுத்தினார்கள்.

கணக்காளன் என்ற முறையிற் சொல்கிறேன்: பாண்டியன் ஐயப்பட்டதிற் பிழையில்லை. ஒரு காரியத்துக்குக் கொடுத்த பணம் வேறொன்றுக்குப் போயிற்று. புராணமும் அதை மறைக்கவில்லை. தண்டனை கொடிது என்பது வேறு விடயம். அதற்காகவே வைகை பெருகியது. வந்தியின் பிட்டுக்கு மண் சுமந்த கூலியாளை அரசன் பிரம்பால் அடிக்க, அவ்வடி அவன் முதுகிலும் விழுந்தது. பின்னர் அவன் வேண்டியும் வாதவூரர் பதவியை ஏற்கவில்லை, தில்லைக்குப் போனார்.

அப்பெரியவருக்கு அன்று சொல்லாததை இன்று சொல்கிறேன். ஐயா, அவர் ஒரு காசும் தமக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. கணக்குக் கேட்ட அரசனைப் பார்த்துச் சபையைச் சிரிக்க வைக்கவுமில்லை. கேட்டவன் முன்னே போய் நின்றார், வெயிலில், வெறுங்காலோடு. அடுத்த கூட்டத்திற்கு அந்தச் செலவுச் சீட்டுகளைத் தயவுசெய்து கொண்டு வாருங்கள்.