கண்டெடுத்தவள்

ஆஸ்திரேலியாவில் இருக்கும் என் சித்தி மகள் போன ஈஸ்டர் விடுமுறையில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். விக்டோரியா மாநிலத்தின் உள்பகுதியில் வறண்ட காடு, செம்மண், ஒரு கூடாரம். அவள் கணவர் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு மெட்டல் டிடெக்டரைத் தரையில் தடவிக்கொண்டிருக்கிறார். பிள்ளைகள் இரண்டும் பிளாஸ்டிக் தட்டில் மண்ணை அலசுகின்றன. அடுத்த படத்தில் ஒரு விரல்நுனி, அதன் மேல் நொய்யரிசியைவிடச் சின்னதாக ஒரு பொன் துணுக்கு. ‘புதையல்!’ என்று எழுதியிருந்தாள்.

அவள் எந்தப் படத்திலும் இல்லை. படம் எடுத்தவள் அவள். கூடாரத்துக்குப் பின்னால் சின்ன கேஸ் அடுப்பில் ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது. யார் சமைத்தது என்று கேட்டேன். “நான்தான்க்கா. ஆனா கஷ்டமாவே தெரியல, ஹாலிடேதானே” என்றாள்.

அந்த மாநிலத்தில் இது முறைப்படியான பொழுதுபோக்கு. சிறு கட்டணம் கட்டினால் பத்து ஆண்டுகளுக்கு உரிமம் கிடைக்கும். தேசியப் பூங்கா போன்ற இடங்களை விட்டுவிட்டு மற்ற அரசு நிலங்களில் தேடலாம், கிடைத்தது கிடைத்தவருக்கே. 1980-இல் கிங்கோவர் என்ற இடத்தில் கெவின் ஹில்லியர் என்பவருக்கு டிடெக்டர் உதவியால் 27 கிலோ எடையுள்ள ஒற்றைத் தங்கக்கட்டி கிடைத்தது. அது கடைசியில் லாஸ் வேகாஸ் சூதாட்ட விடுதி ஒன்றின் கண்ணாடிப் பெட்டிக்குள் போய்ச் சேர்ந்தது. அந்த நிலம் முன்பு யாருடையது என்று கேட்டால், அங்கே ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக வாழ்ந்துவரும் ஜா ஜா உருங் மக்கள் பதில் சொல்வார்கள். விடுமுறைப் படங்களில் அந்தக் கேள்வி வருவதில்லை.

திருப்பாலைக்குடிக்குப் போனபோது படங்களை அம்மாவிடம் காட்டினேன். நண்டு சுத்தம் செய்துகொண்டிருந்தவள் கையைத் துடைக்காமலே எட்டிப் பார்த்தாள். “இதத்தான தேவிபட்டினத்துல நாங்க செஞ்சோம்” என்றாள்.

எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தேவிபட்டினத்தில் கடலுக்குள் நவபாஷாணக் கற்கள் இருக்கின்றன. முன்னோருக்குத் திதி கொடுக்கவும் தோஷம் கழிக்கவும் எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். ஆடி அமாவாசை, தை அமாவாசையில் கூட்டம் நெரியும். நவதானியம், பூ, துணி, காசு எல்லாம் கடலுக்குள் போகும். மறுநாள் தண்ணீர் வற்றியிருக்கும் நேரத்தில் அம்மாவும் இன்னும் நாலைந்து பெண்களும் சல்லடையோடு இறங்குவார்கள். பெரும்பாலும் சில்லறைக் காசுதான். எனக்குச் சின்ன வயதில் அதைச் சொல்லவே கூச்சமாக இருக்கும். பள்ளியில் யாராவது கேட்டால் அம்மா கோயிலுக்குப் போயிருப்பதாகச் சொல்வேன்.

கூச்சம் எங்கிருந்து வந்தது என்று இப்போது யோசிக்கிறேன். 2023 பிப்ரவரியில் இதே மாவட்டத்தில், மண்டபம் பக்கம், கடத்தல்காரர்கள் கடலில் வீசிய 17 கிலோ 740 கிராம் தங்கத்தைக் கடலோரக் காவல்படையின் முக்குளிப்பவர்கள் மேலே கொண்டுவந்தார்கள். அது நடவடிக்கை. சித்தி மகள் குடும்பம் தேடினால் பொழுதுபோக்கு. அம்மா தேடினால் பொறுக்குவது. தமிழில் ‘பொறுக்கி’ என்பதை வசையாக்கி வைத்திருக்கிறோம். கீழே கிடப்பதைக் குனிந்து எடுப்பவர்கள் மேல் நமக்கு எவ்வளவு வெறுப்பு இருந்தால் அந்தச் சொல் அப்படி ஆகியிருக்கும்!

அன்று அம்மா முதல்முறையாக ஒன்றைச் சொன்னாள். நான் எட்டாவது படித்தபோது அவள் சல்லடையில் ஒரு தாலி கிடைத்தது. பொட்டும் இரண்டு குண்டும், கறுத்துப்போன மஞ்சள் கயிற்றோடு. அரைப் பவுன் இருக்கலாம் என்றாள்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பிறகு தேடிப் படித்தேன். 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதென்றால் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். நேற்றோ போன மாதமோ தண்ணீரில் விழுந்த தாலி புதையலாகாது. அது தொலைந்த பொருள். அதற்கு 1860-இன் இந்திய தண்டனைச் சட்டத்தில் 403-ஆம் பிரிவு இருந்தது, இப்போது அது புதிய சட்டத்துக்குள் போய்விட்டது. சாலையில் யாருடையதென்று தெரியாத ஒரு ரூபாயை எடுப்பவர் குற்றவாளி அல்ல என்று அந்தப் பிரிவே உதாரணம் காட்டுகிறது. ஆனால் உரிமையாளரைக் கண்டுபிடிக்க வழி இருந்தால் நியாயமான முயற்சி எடுக்க வேண்டும், நியாயமான காலம் காத்திருக்க வேண்டும்.

நியாயமான முயற்சி. காவல் நிலையத்துக்கு ஒரு மீனவப் பெண் ஈரச் சேலையோடு அரைப் பவுனைக் கொண்டுபோனால் முதல் கேள்வி என்னவாக இருக்கும் என்று அம்மாவுக்குத் தெரியும். அவள் வேறொன்று செய்தாள். இரண்டு வாரம், மீன் விற்கப் போகும்போதெல்லாம், நவதானியப் பொட்டலம் விற்கும் கடைகளில் கேட்டிருக்கிறாள். என்ன கிடைத்தது என்று சொல்லாமல், “யாராச்சும் எதையாச்சும் தொலைச்சிட்டுத் தேடி வந்தாகளா?” என்று. யாரும் வரவில்லை. மூன்று மாதம் அரிசி டிரம்முக்குள் துணியில் சுற்றி வைத்திருந்தாள்.

“கயிறு அறுந்திருந்துச்சா, யாரும் அறுத்துப் போட்டதாம்மா?” என்று கேட்டேன்.

“பாக்கல. பாத்தா வச்சிருக்க முடியாதுன்னு பாக்கல.”

அலையில் நழுவியதென்றால் அதற்காக ஒருத்தி அழுதிருப்பாள், வீட்டில் பேச்சு வாங்கியிருப்பாள். தானே கழற்றி எறிந்தது என்றால், அதைத் திரும்பக் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் கொடுமை. ஒரே பொருள்தான். ஒரு வழியில் திருப்பிக் கொடுப்பது அறம், இன்னொரு வழியில் கொடுக்காமல் இருப்பதே அறம். சட்டத்தின் ‘உரிமையாளர்’ என்ற சொல்லில் இந்த இரண்டாவது பெண்ணுக்கு இடம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அம்மா பார்க்காமல் விட்டதைக் கோழைத்தனம் என்று முதலில் நினைத்தேன். இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

முடிவை அம்மா எடுக்கவும் இல்லை. அரிசி அள்ளப் போன அப்பா அதைப் பார்த்துவிட்டார். “ஒன் கையில கெடச்சா வீட்டுக்குக் கெடச்சதுதான” என்று சொல்லி ராமநாதபுரத்தில் விற்றுவிட்டு வந்தார். கொஞ்சம் வலைக்கு, மீதி என் விடுதிக் கட்டணத்துக்கு.

உடைமைக்கு உழைப்பே மூலம் என்று வாதிட்ட ஆங்கிலத் தத்துவவாதி ஜான் லாக்கைக் கல்லூரியில் படித்தேன். பொதுவில் கிடப்பதோடு ஒருவர் தன் உழைப்பைக் கலந்தால் அது அவருடையதாகிறது. ஓக் மரத்தடியில் கொட்டையைப் பொறுக்கியவனுக்குப் பொறுக்கிய கணத்திலேயே அது சொந்தம். வகுப்பில் கேட்டபோது அழகாகத்தான் இருந்தது. அதே அத்தியாயத்தில், தன் வேலையாள் வெட்டியெடுத்த புல்கரணையும் தனக்கே சொந்தம் என்று அவர் சொல்லிக்கொண்டு போவதை யாரும் நிறுத்திக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அப்பா லாக்கைப் படித்தவர் இல்லை. ஆனால் அந்த வரியை அவர் சரியாகவே புரிந்துவைத்திருந்தார். குனிந்தது அம்மாவின் இடுப்பு, கிடைத்தது ‘வீட்டுக்கு’. சித்தி மகளின் கேஸ் அடுப்பும் இந்தக் கணக்கில்தான் வரும். புதையல் குடும்பத்துடையது, அன்றைய சோறு மட்டும் அவளுடைய வேலை.

லாக் ஒரு நிபந்தனையும் வைத்தார். எடுப்பவர் மற்றவர்களுக்குப் போதுமான அளவும் தரமும் மிச்சம் விட வேண்டும். இதை நான் புத்தகத்தில் புரிந்துகொண்டதைவிடப் பாம்பன் பக்கத்துப் பாசிப் பெண்களிடம் புரிந்துகொண்டது அதிகம். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு மன்னார் வளைகுடாவின் தீவுகளைச் சுற்றி மூழ்கிப் பாசி எடுப்பவர்கள். 1986-இல் 21 தீவுகள் கடல்சார் தேசியப் பூங்கா ஆனபின், தலைமுறையாகப் போய்வந்த இடத்திலேயே அத்துமீறியவர்களானார்கள். மாதத்தில் 12 நாள்தான் எடுப்பது, உலோகக் கருவியால் சுரண்டுவதில்லை என்று தங்களுக்குள்ளேயே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015-இல் சீகாலஜி விருது கிடைத்தது. ‘இது யாருடையது’ என்ற கேள்வியோடு ‘எவ்வளவு விட்டுவைப்பது’ என்பதையும் சேர்த்துக் கேட்டவர்கள் அவர்கள்.

ஆனால் தாலி பாசியைப் போல மறுபடி வளராது. அதனால் என் கணக்கு தீரவில்லை. அந்த விடுதியில் நான் சாப்பிட்ட சோற்றில் முகம் தெரியாத ஒருத்தியின் பங்கு இருக்கிறது. அவள் தொலைத்தவளா எறிந்தவளா என்பதைப் பொறுத்து நான் கடன்காரியா வாரிசா என்பது மாறும். தெரிந்துகொள்ள வழியில்லை.

இதையெல்லாம் அம்மாவிடம் சொல்லிக்கொண்டே போனேன். நீ எவ்வளவு கஷ்டப்பட்டாய், உன் உழைப்பு எப்படி உன்னுடையதாகாமல் போனது, சித்தி மகளுக்கு விளையாட்டாக இருப்பது உனக்கு வயிற்றுப்பாடாக இருந்தது என்றெல்லாம். அவள் நண்டுக் காலை உடைத்துக்கொண்டே கேட்டாள்.

“கஷ்டம்னு யாரு சொன்னா?” என்றாள்.

தூக்குவாளியில் பழைய சோறும் சுட்ட கருவாடும் எடுத்துப் போவார்களாம். காசு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் பொழுது சாயும்வரை கரையில் உட்கார்ந்திருப்பார்களாம். அன்று ஒருநாள்தான் யாரும் தண்ணி கொண்டா என்று கூப்பிடாத நாள். சல்லடையில் ஏதாவது மினுங்கினால் எல்லோரும் சேர்ந்து கத்துவார்களாம். “சீக்கிரம் முடிஞ்சாலும் முடியலம்போம். ஒங்க அப்பாவுக்கு அது தெரியாது.”

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அவள் தேடியதை உழைப்பாக மட்டும் மதித்த நானும் அவளிடமிருந்து ஒன்றைப் பிடுங்கித்தான் வைத்திருக்கிறேன். விளையாட்டு விக்டோரியாவில்தான் நடக்கும், எங்கள் கரையில் பசி மட்டும்தான் என்று நினைத்துவிட்டேன். தாலியை அரிசி டிரம்மில் ஒளித்தவள் அதற்கு முன்பே எத்தனையோ வருடமாக அந்தச் சாயங்காலங்களையும் ஒளித்து வைத்திருந்தாள்.

தை அமாவாசைக்கு மறுநாள் போவோமா என்று கேட்டேன். முட்டி தாங்காது என்றாள். நண்டுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனவள், சிறிது நேரம் கழித்து அங்கிருந்தே சல்லடை எங்கே கிடக்கிறது என்று கேட்டாள். பரணில் பார்த்த ஞாபகம் என்றேன்.