எம்மாவின் வீடும் கல்முனை வீடும்

ஜேன் ஒஸ்ரினின் 'எம்மா' நாவல் 1815 டிசம்பரில் வெளிவந்தது. நத்தார் முன்னிரவு விருந்து முடிந்து, பனி படிந்த பாதையில் வண்டி திரும்புகையில், பாதிரியார் எல்ரன் எம்மாவிடம் காதல் உரைக்கிறார். தனக்குரிய முப்பதாயிரம் பவுணையே அவர் நாடினார் என்பது அவளது முடிபு. நாவலின் இறுதியிலோ நைற்லி, முதிய தந்தையை அவள் பிரியலாகாதென்று, தன் பெருமனையை விட்டு அவளது இல்லத்துக்கே குடிவர இசைகிறார். அது சரிப்பட்டு வராதென்று எல்ரனின் மனைவி எள்ளுகிறாள்.

கல்முனைக் கரையோர முஸ்லிம் ஊர்களில் அதுவே வழமை. தாய்வழிக் குடிமரபு வேரூன்றிய இங்கு வீடு பெண்ணுக்குரிய சீதனம். மாப்பிள்ளை அங்கு வந்து சேர்பவர். மணம் முறிந்தாலும் கூரை அவளுடையது. சிறிய காப்பன்று அது. ஆயின் அக்கூரைக்காகவே தந்தையும் சகோதரரும் தேய்கின்றனர்; வீடு கட்டி முடியாத குமர் காத்திருக்கிறாள்.

பெண்வீடு புகும் மாப்பிள்ளை நைற்லியா, எல்ரனா? வாசல் ஒன்றே, நிய்யத்து வேறு. தாய் தருகையில் அன்பாயிருந்த வீடு, மணமகன் கேட்கையில் விலையாகிறது. கேளாமலே எதிர்பார்த்து மௌனமாயிருப்பவரை எவ்வகையிற் சேர்ப்பது? மஹர் கொடுக்கவேண்டியவர் மணமகனே என்பதை நிக்காஹ் சபையில் அனைவரும் அறிவர். அதற்கு முன்னரே வீட்டுப் பேச்சு முடிந்திருக்கும்.