சேவை யாருக்கு?

சர்வதேசப் பள்ளிகளைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் கட்டணத்திலேயே நின்றுவிடுகிறது. 'அவ்ளோ காசு கட்டிப் படிக்க வைக்கணுமா?' என்பதோடு முடிந்துவிடும். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுபவை அங்கே கற்பிக்கப்படும் விழுமியங்கள். யாரும் மறுத்துப் பேச முடியாதபடி அவை அவ்வளவு நல்லவையாக இருக்கின்றன என்பதே காரணம்.

1968இல் ஜெனீவாவில் தொடங்கப்பட்ட இன்டர்நேஷனல் பேக்கலோரியேட், சுருக்கமாக ஐபி, தன் மாணவருக்கு வேண்டிய பண்புகளாகப் பத்தைச் சொல்கிறது. தேடல் உள்ளவர், திறந்த மனம் கொண்டவர், அக்கறை உள்ளவர், துணிந்து இறங்குபவர் என்று பட்டியல் போகிறது. இதில் எதை வேண்டாம் என்பது? நான் மென்பொருள்காரன். ஒரு மென்பொருள் உண்மையில் எதற்காக எழுதப்பட்டது என்று தெரிய, அதன் டெஸ்ட் கேஸ்களைப் படித்தால் போதும். இங்கேயும் அதையே செய்து பார்க்கலாம்.

ஐபி டிப்ளமோவில் சிஏஎஸ் என்றொரு பகுதி உண்டு: படைப்பு, உடற்செயல்பாடு, சேவை. மதிப்பெண் கிடையாது. ஆனால் அதை முடிக்காமல் டிப்ளமோவும் கிடையாது. குறைந்தது 18 மாதங்கள் தொடர வேண்டும். மாணவர் எட்ட வேண்டியவை ஏழு: தன் பலத்தையும் வளர வேண்டிய இடத்தையும் அறிதல், சவாலை ஏற்றல், திட்டமிட்டுத் தொடங்குதல், விடாமுயற்சி, சேர்ந்து வேலை செய்தல், உலகளாவிய பிரச்சினைகளில் ஈடுபாடு, தன் செயல்களின் அறத்தை எண்ணிப் பார்த்தல்.

ஏழும் நல்லவைதான். ஏழுக்கும் எழுவாய் மாணவர். சேவை பெற்றவர் ஒன்றில்கூட எழுவாயாக வரவில்லை. சமூகத்தின் உண்மையான தேவைக்கே சேவை செய்ய வேண்டும், அவர்களுடைய கண்ணியத்தை மதிக்க வேண்டும் என்றெல்லாம் வழிகாட்டியில் இருக்கிறது. ஆனால் மாணவர் எட்டினார் என்பதற்கு முக்கியச் சான்று அவரே எழுதும் அனுபவக் குறிப்புகள்.

ஒரு மாணவி காப்பகம் ஒன்றில் ஆங்கிலம் சொல்லித்தருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஆறு வாரத்தில் பரீட்சை வந்து நின்றுவிடுகிறாள். 'பொறுப்பின் எல்லைகளைப் புரிந்துகொண்டேன்' என்று அதைப் பற்றியும் அழகாக எழுதலாம். அவள் தோல்விகூட அவளுக்கு வரவுதான். ஏழாவது வாரம் நோட்டோடு உட்கார்ந்திருக்கும் பையனுக்கு அது எந்தக் கணக்கு?

இந்தச் சேவை மரபுக்குப் பின்னால் வேறு மாதிரியான ஒரு வரலாறும் இருக்கிறது. ஹிட்லரை எதிர்த்து 1933இல் சிறைப்பட்டு, பிறகு பிரிட்டனுக்கு வந்த ஜெர்மன் கல்வியாளர் குர்ட் ஹான். அவருடைய எண்ணத்தில் 1962இல் வேல்ஸ் கடற்கரையில் அட்லான்டிக் கல்லூரி தொடங்கியது. ஐபியை முதலில் ஏற்ற பள்ளிகளில் அதுவும் ஒன்று. அங்கே மாணவர்கள் கடல் மீட்புப் பணி செய்தார்கள். இன்று மீட்புப் படையினர் பயன்படுத்தும், காற்றடைத்த பக்கங்கள் கொண்ட விரைவுப் படகு அந்தக் கல்லூரியில் உருவானதுதான். ஹானுக்கும் மாணவரின் குணநலனே முதல் அக்கறை. ஆனால் கடலில் தத்தளிப்பவர் கரை சேர்ந்தாரா என்பதுதான் அங்கே கேள்வி. மாணவர் என்ன உணர்ந்தார் என்பதெல்லாம் அப்புறம்.

'மார்க், மார்க்குன்னு ஓடுற பள்ளிகளுக்கு இது பரவாயில்லையே' என்பார்கள். உண்மைதான். பதினாறு வயதுப் பிள்ளை உலகத்தை மாற்ற வேண்டாம். தடுமாறித்தான் கத்துக்கும். ஆனால் அந்தத் தடுமாற்றத்தின் செலவை எப்போதும் எதிரில் இருப்பவரே ஏற்கிறார். ஏழை என்பவர் தன் வளர்ச்சிக்கான ஓர் அனுபவம் என்று பழகிய மனம், பின்னாளில் பெரிய நாற்காலியில் உட்காரும்போதும் அப்படித்தான் பார்க்கும்.

எட்டாவதாக ஒன்றைச் சேர்க்கச் சொல்வேன். சேவை பெற்றவரிடம் கேளுங்கள்: 'இவங்க திரும்ப வரணுமா?' பிறரும் சரியாக இருக்கக்கூடும் என்று உணர்ந்தவர்களை உருவாக்குவதே தன் நோக்கம் என்கிறது ஐபி. அந்தப் பிறரில் காப்பகத்துப் பையனும் உண்டென்றால், 'வேணாம்' என்ற அவன் பதிலுக்கும் அந்தக் கோப்பில் ஓர் இடம் வேண்டும்.