மலையைச் சாட்சிக்கு அழைப்போர்

திருவண்ணாமலையில், செங்கம் சாலையில் ரமணாசிரமத்தைச் சுற்றியுள்ள டீக்கடைகளிலும் விடுதிகளிலும் புதிதாக வருவோர் காதில் விழும் சேதி ஒன்று உண்டு. ஊருக்கு மேலே நிற்கும் அண்ணாமலை அணைந்துபோன எரிமலை, இதை விஞ்ஞானமே ஒப்புக்கொண்டுவிட்டது என்பார்கள். சிவன் அடிமுடி காணாத அக்கினித் தம்பமாய் நின்ற புராணத்துக்கு இதையே ஆதாரமாகக் காட்டுவார்கள்.

நிலவியல் அப்படிச் சொல்லவில்லை. இந்த வட்டாரத்துப் பாறைகள் பூமிக்கடியில் வெகு ஆழத்தில் வெந்து இறுகியவை; வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டு. எரிமலை வாயோ, குழம்பு வழிந்து உறைந்த அடுக்கோ இங்கே இல்லை. இமயத்தைவிட மூத்த மலை என்பது மெய்தான். ஆனால் அந்த மூப்பு செஞ்சிக் கோட்டைப் பாறைகளுக்கும் ஜவ்வாது மலைக்கும் உண்டு. பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டர் வெறுங்காலோடு வலம் வருபவர் பாறையின் வயதைக் கேட்டுக்கொண்டா வருகிறார்? கேட்காத பக்திக்குப் பொய்ச் சான்றிதழ் வாங்கித் தருவது எந்த அறத்தில் சேரும்?

ஆசிரமத்தின் குரு ரமணர் மறைந்த 1950 ஏப்ரல் 14 இரவு வேறு வகை. மணி 8.47. வானில் ஓர் ஒளி மெல்ல நகர்ந்து மலைப்பக்கம் சென்றதைப் பலரும் பார்த்தார்கள். அன்று அங்கிருந்த பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் கார்த்தியே-பிரெசோனும் பார்த்தார். எரிகல் என்பார் வானியலார், குருவின் ஜோதி என்பார் அடியார். இதில் யாரும் பொய் சொல்லவில்லை. நடந்ததை இருவரும் ஒப்புக்கொள்கிறார்கள். அதற்குப் பொருள் கொள்வது அவரவர் உரிமை.

சாமர்செட் மாம் கதை அப்படியல்ல. 1938இல் ஆசிரமத்துக்கு வந்த அந்த ஆங்கில எழுத்தாளர் மயங்கி விழுந்தார். சமாதி நிலை எய்தினார் என்று பேச்சு பரவிற்று. அதற்கு முன்பும் தமக்கு மயக்கம் வந்ததுண்டு என்று அவரே பின்னாளில் எழுதினார். உரியவரே மறுத்ததை அவர் பெயரிலேயே சொல்லித் திரிவது அநியாயம்.

இதெல்லாம் வெறும் பேச்சு, யாருக்கு என்ன நஷ்டம் என்று தோன்றலாம். 2024 டிசம்பர் 1 அதற்குப் பதில் சொன்னது. ஃபெஞ்சல் புயல் மழையில் மலைச்சரிவு இடிந்து வ.உ.சி. நகரில் ஒரு வீட்டை மூடியது. ஐந்து பிள்ளைகள் உட்பட ஏழு பேர் மண்ணுக்கடியில் மாண்டார்கள். மலையுச்சியில் ஏற்றும் கார்த்திகை மகாதீபம் அதே மாதம் 13ஆம் தேதி. வல்லுநர் குழு மலையேறிப் பார்த்தது. பக்தர்கள் ஏறக்கூடாது என்று அரசு தடுத்தது. கொப்பரையும் நெய்யும் திரியும் சுமக்க வேண்டியவர்கள் மட்டும் ஏறினார்கள். தீபம் எரிந்தது. அந்தத் தடை சரியானது. எரிமலை என்று நிரூபிக்க நிலவியலைச் சாட்சிக்கு அழைப்பவர், மண் இளகியிருக்கிறது என்று அதே நிலவியல் எச்சரிக்கும்போது காதைப் பொத்திக்கொள்ள நியாயமே இல்லை.

இன்னொரு தரப்புக்கும் சொல்ல வேண்டியது உண்டு. பிள்ளைகளைப் பறிகொடுத்த தெருவில் நின்று "உங்கள் சாமி எங்கே போனது?" என்று கேட்பதற்குப் பகுத்தறிவு என்று பெயர் வைக்கக் கூடாது. அந்த ஏழு பேரும் நம்பிக்கையால் சாகவில்லை. சரிவின் அடியில் குடியிருந்ததால் செத்தார்கள்.

மலையே சிவம் என்று கும்பிடுவோர் தாராளமாகக் கும்பிடட்டும். புராணத்தைப் புராணமாகவே பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அதற்கு வேறு கவசம் வேண்டாம். அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன், சரிவில் குடியிருக்கும் ஏழைகளுக்குப் பத்திரமான இடம் கேட்டு அரசிடம் முதலில் குரல் எழுப்ப வேண்டியவர்களும் அந்த அடியார்களே.