குறிப்பில் எழுதாதது

1971 நவம்பரில் பெல் ஆய்வகத்தின் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் யுனிக்ஸ் இயங்குதளத்தின் முதல் கையேட்டைத் தொகுத்தார்கள். ஒவ்வொரு கட்டளைக்கும் பெயர், எழுதும் முறை, அது செய்யும் வேலை. கூடவே ‘பிழைகள்’ என்றொரு பகுதி. தங்கள் கருவி எங்கே சறுக்கும் என்பதைத் தாங்களே அச்சிட்டுக் கொடுத்த அந்த நேர்மை, இன்றைய மென்பொருள் குறிப்புகள் பலவற்றில் இல்லை.

இந்தக் குறிப்புகளை மனிதர்கள் மட்டும் படித்தவரை சமாளித்தோம். புரியாவிட்டால் பக்கத்து மேசையில் கேட்டுக்கொள்வார்கள். இப்போது நமக்காகக் கருவிகளை இயக்கும் ஏஐ முகவரும் அவற்றைப் படிக்கிறது. அதனிடம் இருப்பது பெரும்பாலும் கருவியின் பெயர், இரண்டு வரி விளக்கம், உள்ளீடுகளின் பட்டியல், அவ்வளவுதான். ‘தேதி’ என்று மட்டும் எழுதியிருந்தால் 03/04/2025 மார்ச்சா, ஏப்ரலா? முகவர் ஏதோ ஒன்றை ஊகித்து வேலையை முடித்துவிடக்கூடும். தவறு நமக்குத் தெரிவது பிறகுதான். ‘ஆண்டு-மாதம்-நாள், 2025-04-03 என்பதுபோல’ என்று ஒரு வரி போதும். தொகை ரூபாயிலா பைசாவிலா, அழித்ததை மீட்க முடியுமா, எந்த வேலைக்கு இந்தக் கருவியைத் தொடவே கூடாது என்பவற்றையும் எழுதத்தான் வேண்டும். பிழைச் செய்தியும் குறிப்பில் சேர்ந்ததே. ‘தவறு’ என்று மட்டும் பதில் வந்தால், முகவர் அதே உள்ளீட்டைத் திரும்பத் திரும்ப அனுப்பலாம்.

(புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கும் இதே வரிகள்தான் தேவைப்பட்டன. அவர்களுக்காக நாம் எழுதவில்லை!)

எழுதி முடித்ததும், அந்தக் கருவியை அறியாத ஒருவரிடம் குறிப்பை மட்டும் கொடுத்துப் பயன்படுத்தச் சொல்லுங்கள். அவர் கேட்கும் முதல் கேள்விக்கான பதிலை அன்றே அதில் சேர்த்துவிடுங்கள்.