வைல்டு கார்டின் அறம்: மண்ணின் மைந்தரும் வரிசையில் நிற்பவரும்

தொழில்முறை டென்னிஸ் தொடர் ஒன்றில் யார் ஆடலாம் என்பதைப் பெரும்பாலும் தரவரிசையே முடிவு செய்கிறது. கடந்த 52 வாரங்களில் ஈட்டிய புள்ளிகளைக் கொண்டு கணக்கிடப்படும் அந்த வரிசையில் மேலே இருப்போர் நேரடியாகவும், அடுத்த நிலையில் இருப்போர் தகுதிச்சுற்று எனப்படும் முன்போட்டிகளில் வென்றும் முதன்மைச் சுற்றுக்குள் நுழைகின்றனர். இவ்விரு வழிகளுக்கும் புறம்பாக, போட்டியை நடத்துவோர் தம் விருப்பப்படி சிலருக்கு வழங்கும் நேரடி அனுமதியே வைல்டு கார்டு. விம்பிள்டனின் 128 ஒற்றையர் இடங்களில் எட்டு இவ்வாறு ஒதுக்கப்படுகின்றன. 28 பேர் மட்டுமே ஆடும் சிறிய தொடர்களிலும் ஓரிரு இடங்களாவது இதற்கென ஒதுக்கப்படுகின்றன. அவற்றில் பெரும்பகுதி உள்ளூர் வீரர்களுக்கே சென்று சேர்வதால், ஒருவர் இந்த மண்ணில் பிறந்தவர் என்பதற்காக, வேறிடத்தில் பிறந்து கூடுதல் புள்ளிகள் ஈட்டியவரை முந்தலாமா என்னும் கேள்வி எழுகிறது.

புல்தரைத் தொடர்களில் இக்கேள்வி கூர்மையடைவதற்குக் காரணம், அங்கு வாய்ப்பு மிக அரிது என்பதே. பிரெஞ்சு ஓபனுக்கும் விம்பிள்டனுக்கும் இடையே 2015 முதல் மூன்று வார இடைவெளி உள்ளது. அதற்கு முன் இரண்டு வாரமே இருந்தது. செர்டோகன்போஸ், நாட்டிங்ஹாம், ஈஸ்ட்போர்ன் போன்ற ஊர்களின் தொடர்கள் அந்தக் குறுகிய காலத்திற்குள் நடந்து முடிந்துவிடுகின்றன. கடின தரையில் இந்த வாரம் இடம் கிடைக்காதவர் அடுத்த வாரம் வேறோர் ஊரில் முயலலாம். புல்தரையில் அந்த அடுத்த வாரம் பல நேரங்களில் அடுத்த ஆண்டாகவே இருக்கிறது.

நடத்துவோர் பக்கம் வலுவான நியாயம் இல்லாமல் இல்லை. சிறிய தொடர் ஒன்று உள்ளூர்ச் சங்கத்தின் உழைப்பாலும், உள்ளூர் விளம்பரதாரரின் பணத்தாலும், சீட்டு வாங்கி வந்து அமரும் உள்ளூர் மக்களாலும் உயிர்வாழ்கிறது; தம்மவர் ஒருவரைக் களத்தில் காண வேண்டும் என்று அவர்கள் எதிர்பார்ப்பதைச் சிறுமை என்று தள்ளிவிட முடியாது. தரவரிசையும் குறையற்ற அளவுகோல் அன்று. ஆண்டின் பெரும்பகுதி களிமண்ணிலும் கடின தரையிலும் ஈட்டப்படும் புள்ளிகள், பந்து தாழ்ந்து வழுக்கிச் செல்லும் புல்தரையில் ஒருவரின் திறனை முழுமையாகக் காட்டுவதில்லை. விம்பிள்டனே 2002 முதல் 2019 வரை ஆடவர் முன்னணிப் பட்டியலைப் புல்தரை ஆட்டங்களுக்குக் கூடுதல் மதிப்பளித்து வரிசைப்படுத்தியது. காயத்தால் புள்ளிகளை இழந்தவருக்கும், இன்னும் புள்ளிகள் சேராத இளையவருக்கும் வரிசையைத் தாண்டிய ஒரு வாயில் வேண்டும் என்பதும் மறுக்க இயலாதது.

ஆனால் அந்த வாயில் திறக்கும்போது வெளியே நிறுத்தப்படுபவர் எவர் கண்ணுக்கும் படுவதில்லை. வைல்டு கார்டு பெறுபவருக்குப் பெயரும் முகமும் உண்டு; நேரடி நுழைவை ஓர் இட வித்தியாசத்தில் தவறவிட்டுத் தகுதிச்சுற்றில் ஆடித் தோற்று, பயணச் செலவைத் தாமே ஏற்று ஊர் திரும்புபவர் பட்டியலில் ஒரு வரியாக மட்டுமே இருக்கிறார். இடங்கள் முன்கூட்டியே ஒதுக்கப்பட்டவை என்பதால் எவரும் எதையும் இழக்கவில்லை என்று வாதிடுவோர் உண்டு. விதியை முன்னரே அறிவிப்பது நேர்மையின் ஒரு பகுதி என்பது உண்மையே. எனினும் அறிவிக்கப்பட்டது என்பதாலேயே ஒரு விதி நியாயமானதாகிவிடாது. 2024 விம்பிள்டனில் முதல் சுற்றில் தோற்றவருக்கும் 60,000 பவுண்டு கிடைத்தது என்பதை எண்ணினால், பயிற்சியாளருக்குச் சம்பளம் தரத் திணறும் ஒரு வீரருக்கு ஓர் இடத்தின் மதிப்பு என்ன என்பது விளங்கும்.

இத்தகைய தேர்வுகளை விளைவைக் கொண்டு நியாயப்படுத்துவதே வழக்கமாக உள்ளது. 2022இல் உலகின் 205ஆம் நிலையில் இருந்த டிம் வான் ரைத்தோவன், ஆடவர் தொழில்முறை டென்னிஸ் அமைப்பான ஏடிபியின் தொடர்களில் முதன்மைச் சுற்றில் அதுவரை ஓர் ஆட்டத்திலும் வென்றிராதவர், தம் நாடான நெதர்லாந்தின் செர்டோகன்போஸ் தொடரில் வைல்டு கார்டு பெற்று, இறுதியில் டேனில் மெத்வதேவை வீழ்த்திக் கோப்பையை வென்றார். இதைக் கண்டு அந்தத் தேர்வு சரி என்போர், 2021இல் நாட்டிங்ஹாமில் வைல்டு கார்டு பெற்ற எம்மா ரடுகானு முதல் சுற்றிலேயே தோற்றபோது அந்தத் தேர்வைத் தவறு என்றல்லவா சொல்லியிருக்க வேண்டும்? அதே ரடுகானு, சில வாரங்களில் மற்றொரு வைல்டு கார்டுடன் விம்பிள்டனின் நான்காம் சுற்றை எட்டினார். அவ்வாண்டின் அமெரிக்க ஓபனையோ தகுதிச்சுற்று வழியே வந்து வென்றார். வெற்றியும் தோல்வியும் தேர்வுக்குப் பின்னர் வருபவை. தேர்வின் அறம் தேர்வு நிகழ்ந்த பொழுதிலேயே, அன்று தெரிந்த காரணங்களைக் கொண்டே எடைபோடப்பட வேண்டியது. மேலும், உள்ளே வந்தவர் வென்றார் என்பதால், வெளியே நின்றவர் வந்திருந்தால் வென்றிருக்கமாட்டார் என்று ஆகிவிடாது.

ஆகவே விளைவை விடுத்து, இந்த உரிமையின் இயல்பையே ஆராய வேண்டியுள்ளது. வைல்டு கார்டை விலைக்கு விற்கவோ வாங்கவோ கூடாது என்று ஏடிபி விதிகள் தடுக்கின்றன. ஒரு வீரர் ஓராண்டில் எத்தனை பெறலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. நடத்துபவரின் முழு உடைமை என்றால் அதை அவர் விற்பதற்கு என்ன தடை? விற்க முடியாது என்பதே, அது விளையாட்டின் பொது நன்மைக்காக அவர் கையில் ஒப்படைக்கப்பட்ட பொறுப்பு என்பதைக் காட்டுகிறது. முன்பு மயாமி ஓபனில் இருந்ததைப் போல வீரர்களின் வணிக முகமை நிறுவனமே ஒரு தொடரின் உரிமையாளராகவும் இருந்து, தன் வாடிக்கையாளர்களுக்கு அனுமதி வழங்கும்போது எழும் முணுமுணுப்பு, இந்தப் பொறுப்பு மீறப்படுகிறது என்னும் உணர்விலிருந்தே பிறக்கிறது.

ஒவ்வொரு தொடரையும் தனித்தனியே பார்த்தால் புலப்படாத ஓர் அநீதியும் உண்டு. தொடர்கள் மிகுந்த நாட்டில் பிறந்தவருக்கு ஆண்டுதோறும் பல வாயில்கள் திறக்கின்றன. தொடரே இல்லாத நாட்டவருக்கு ஒன்றும் இல்லை. 2009 சென்னை ஓபனில் வைல்டு கார்டு பெற்ற சோம்தேவ் தேவ்வர்மன் இறுதிச்சுற்றுவரை சென்றார். அந்தத் தொடர் 2018இல் புனேவுக்கு மாறி, 2023க்குப் பின் இந்தியாவை விட்டே நீங்கியபோது, அத்தகைய வாயிலும் இந்திய ஆடவர்களுக்கு அடைபட்டது. மறுபுறம், அமெரிக்காவின் நியூபோர்ட் புல்தரைத் தொடரில் விஜய் அமிர்தராஜ் மூன்று முறையும் 1998இல் லியாண்டர் பயஸும் பட்டம் வென்றனர். 2018இல் சென்னையின் ராம்குமார் ராமநாதன் இறுதிச்சுற்றை எட்டினார். சொந்த மண்ணில் புல்தரைத் தொடர் இல்லாதவர்களுக்கு அயல்நாட்டின் சிறிய தொடரே ஏணியாக அமைகிறது என்பதால், அங்கு உள்ளூர் அன்பு எல்லை மீறும்போது அடிபடுபவர்கள் அவர்களே.

திருக்குறள் நடுவு நிலைமையையும் சுற்றந்தழாலையும் தனித்தனி அதிகாரங்களில் வைத்து இரண்டையும் போற்றுகிறது. உற்றாரைப் பேணுவது குற்றமன்று. பொதுவில் ஒப்படைக்கப்பட்டதைக் கொண்டு உற்றாரை மட்டும் பேணுவதே குற்றம். இந்த வேறுபாட்டை ஏற்றால் வைல்டு கார்டை ஒழிக்க வேண்டியதில்லை. வழங்கும் முறையை மாற்றினால் போதும். ஆஸ்திரேலிய ஓபனின் சில வைல்டு கார்டுகள் உள்நாட்டு வீரர்களிடையேயும், ஆசிய பசிபிக் வட்டார வீரர்களிடையேயும் தனிப் போட்டிகள் நடத்தி வழங்கப்பட்டதுண்டு. முந்தையது உள்ளூர் உரிமையையும் ஆட்டத்தால் ஈட்டச் செய்கிறது. பிந்தையது தொடர் நடத்தும் வசதி இல்லாத நாடுகளுக்கும் பங்கு அளிக்கிறது. இளமை, காயம், புல்தரைத் திறன் போன்ற காரணங்களுக்காகத் தேர்வு நிகழும்போது அக்காரணத்தை வெளிப்படையாக அறிவிப்பதும் நடத்துவோரின் கடன். வரிசையில் அடுத்து நின்றவரின் முகத்தைப் பார்த்துச் சொல்லத்தக்க காரணம் இருக்குமானால், அந்த அனுமதி அவருக்கு வருத்தம் தரலாமே அன்றி அநீதியாகாது. உள்ளூர்க்காரர் என்பதைத் தவிர வேறு காரணம் சொல்ல இயலாதபோது, பிறர் உழைப்பிலிருந்து எடுத்துத் தம்மவர்க்கு வழங்கிய கொடையாகவே அது எஞ்சும்.