வானத்துக் கண்ணும் ஒரு கிலோமீட்டர் சதுரமும்

ஒரு நாடு எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்பதை அந்த நாட்டு அரசைக் கேட்காமல், ராத்திரி வெளிச்சத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்கிறார்கள். ஹெண்டர்சன், ஸ்டோரிகார்ட், வைல் என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள் 2012இல் இதை விரிவாக எழுதினார்கள். அமெரிக்க ராணுவத்தின் செயற்கைக்கோள்கள் மேகம் பார்க்கப் போனவை. கீழே எரியும் விளக்கையும் அவை பிடித்துவைத்தன. 1992 முதல் அது எண்களாக இருக்கிறது. ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் சதுரத்துக்கு ஓர் எண். இருட்டுக்கு 0, உச்ச வெளிச்சத்துக்கு 63.

முதலில் கேட்டபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஏன்னா, நம்மைப் பற்றிய கணக்கையெல்லாம் எழுதிவந்தது யார்? கர்ணமும் மணியக்காரரும், அப்புறம் வந்த அதிகாரிகளும். சாட்டிலைட்டுக்குச் சாதி தெரியாது. அது யார் வீட்டுத் திண்ணையிலும் உட்கார்ந்து மோர் வாங்கிக் குடிக்காது. அரசாங்கக் கணக்கின் லட்சணம்தான் தெரியுமே. 1997 வரை ஒரு கிராமத்தின் எல்லைக்குள் எந்தக் காரியத்துக்காவது கரண்ட் இருந்தால் போதும், அது மின்வசதி பெற்ற கிராமம். பண்ணையார் கிணற்றில் மோட்டார் ஓடினால் சேரிக்கும் விளக்கு வந்தாச்சு என்று அர்த்தம்! தலித் குடியிருப்புக்கும் கம்பி போகவேண்டும் என்று விதியில் எழுத 2004 ஆனது. அப்பவும் நூற்றுக்குப் பத்து வீட்டில் கரண்ட் இருந்தால் போதும்.

யோசிக்க யோசிக்க அந்தச் சந்தோஷம் வடிந்துபோனது. சாதி எங்கே இருக்கிறது? அந்த ஒரு கிலோமீட்டருக்குள்ளதான். ஊருக்கும் சேரிக்கும் நடுவே ஓர் ஓடை, ஒரு வாய்க்கால், சில இடத்தில் ஒரு சுவர். ஊரின் தெருவிளக்கும் சேரியின் ஒற்றை பல்பும் ஒரே சதுரத்தில் விழுந்து ஒரே எண்ணாகிவிடுகின்றன. தேர் ஓடும் வீதியும் தேர் வராத தெருவும் அங்கே ஒன்றுதான். 2011இல் ஏவிய புதிய சாட்டிலைட் இதைவிடக் கூர்மையாகப் பார்க்கிறது. ஆனால் அது தலைக்கு மேலே வருவது நடுராத்திரி ஒன்றரை மணி வாக்கில். விடிகாலையில் நாற்றுப் பறிக்கப் போகிறவள் எப்பவோ விளக்கை அணைச்சிட்டுப் படுத்திருப்பாள். அவள் நட்ட நெல் ரைஸ்மில்லில் வெளிச்சமாகும். வளர்ச்சி அங்கே பதிவாகும்.

அந்த அறிஞர்களைக் குறை சொல்லவில்லை. அரசுக் கணக்கு மோசமாக இருக்கிற நாடுகளுக்கு இது துணையாகும் என்றுதான் அவர்கள் சொன்னார்கள். என் கேள்வி வேறு. பாரபட்சம் இல்லாமல் பார்ப்பதும் நியாயமாகப் பார்ப்பதும் ஒன்றா? எட்ட நின்று பார்க்கிறவனுக்கு எல்லாரும் சமமாகத்தான் தெரிவார்கள். வேலி அவன் கண்ணில் படுவதில்லையே!

இன்னொன்றும் இருக்கிறது. வருஷக் கணக்குப் போடும்போது நிலையான விளக்குகளை மட்டும் வைத்துக்கொண்டு, தீ எரிந்த வெளிச்சத்தைத் தற்காலிகமானது என்று கழித்துவிடுகிறார்கள். சரிதான், காட்டுத்தீ வளர்ச்சி ஆகாது. 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி மாவட்டத்தில் நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளில் இருநூறுக்கும் மேற்பட்ட தலித் வீடுகளைக் கொளுத்தினார்கள். வெளியூரில் கூலிவேலை பார்த்துச் சேர்த்துக் கட்டிய வீடுகள் அவை. அப்படிக் கழித்துப் போட்ட கணக்கில் அந்தத் தீ இருக்காது. அதற்குப் பிறகு அந்த வீடுகளில் எத்தனை ராத்திரி விளக்கு எரியவில்லை என்பதும் பக்கத்து ஊர்களின் வெளிச்சத்தோடு சேர்ந்து சராசரியாகியிருக்கும்.